பார்சலுக்கு ஸ்டாம்ப் ஒட்டியாச்சு, பொறுப்புக்கு யார் ஒட்டுறது?

1958ஆம் ஆண்டு நவம்பர் மாதம், நியூயார்க் நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன் ஒரு சாதாரண பழுப்புக் காகிதப் பொட்டலத்தை அமெரிக்கத் தபாலில் வாஷிங்டனுக்கு அனுப்பினார். உள்ளே இருந்தது ஹோப் வைரம். நம்ம கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்ததாகச் சொல்லப்படும் அதே நீல வைரம்தான். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அவர் கொடுத்த நன்கொடை அது. பதிவுத் தபாலில் போனது, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கதையை எல்லோரும் "பாருங்க, வைரத்தையே தபால்ல அனுப்பியிருக்காங்க" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ரசீது. மொத்தச் செலவு 145 டாலர் 29 சென்ட். அதில் தபால் கட்டணம் வெறும் 2 டாலர் 44 சென்ட். மீதி 142 டாலர் 85 சென்ட், பத்து லட்சம் டாலர் மதிப்புக்கான காப்பீடு. எடுத்துக்கொண்டு போவதற்கு ஒரு விலை. தொலைந்தால் பொறுப்பேற்பதற்கு வேறு விலை. முதல் விலையை மட்டும் கட்டிவிட்டு இரண்டாவதும் அதற்குள் அடக்கம் என்று நம்புவதுதான் நம் மக்களுக்குத் திரும்பத் திரும்ப நஷ்டத்தைக் கொண்டுவருகிறது.

ஸ்பிரிங்வேல், நோபிள் பார்க், டான்டினாங் பக்கம் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குள் என்னென்ன பார்சல்கள் போய்வருகின்றன என்று யோசித்துப் பாருங்கள். முறுக்கும் மசாலாப் பொடியும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அப்பா ஐம்பது வருஷமாகச் சேர்த்த தபால்தலை ஆல்பம். யாழ்ப்பாணத்து வீட்டில் மிஞ்சிய 'முத்திரை'க் கொப்பி. ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய்கள். எக்கோ கம்பெனி வெளியிட்ட இளையராஜா இசைத்தட்டுகள். பழைய தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணின தொகுப்புகள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கோ போக்கிமான் கார்டு, கிரிக்கெட் கார்டு. தரம் பார்த்து மதிப்பெண் போட அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள், விற்கிறார்கள், வாங்குகிறார்கள். ஒரு சின்ன அட்டைத் துண்டு ஒரு மாச வாடகைக்குச் சமமாக இருக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. தொலைந்தால் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கிவிட முடியாது. தபால் துறையின் விதிகளோ, கடையில் மறுபடி வாங்கக்கூடிய பொருளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சிக்கல் தொடங்குவதே இங்கேதான்.

ஆஸ்திரேலியாவில் கிடைப்பது என்ன?

ஆஸ்திரேலியா போஸ்ட்டில் உள்நாட்டுப் பார்சல் ஒன்று தொலைந்தாலோ உடைந்தாலோ, தனியாக எதுவும் கட்டாமல் கிடைக்கக்கூடிய இழப்பீடு அதிகபட்சம் 100 டாலர். அதற்கு மேல் வேண்டுமென்றால் 'எக்ஸ்ட்ரா கவர்' வாங்க வேண்டும். அதன் உச்சவரம்பு 5,000 டாலர். மதிப்பு கூடும்போது பெறுபவர் கையெழுத்தும் சேர்ந்தே வர வேண்டியிருக்கும். சாதாரணக் கடித உறையில் ஒரு அபூர்வ கார்டை வைத்து ஸ்டாம்ப் ஒட்டிப் போட்டால், டிராக்கிங் இல்லை. தொலைந்தது என்று நிரூபிக்கவே வழி இல்லாதபோது இழப்பீட்டை எங்கே போய்க் கேட்பது?

'எக்ஸ்ட்ரா கவர்' என்ற பெயரைக் கவனியுங்கள். கவுன்டரில் நாம் அதை "இன்ஷூரன்ஸ்" என்கிறோம். நடைமுறையில் அது, "எங்கள் பொறுப்பின் அளவை இவ்வளவு வரை உயர்த்திக்கொள்கிறோம்" என்று அனுப்பும் நிறுவனம் தரும் உறுதி. அந்த உறுதிக்கு நிபந்தனைகள் உண்டு: பொருள் அந்தச் சேவையில் அனுமதிக்கப்பட்டதா, பேக்கிங் போதுமானதா, மதிப்புக்கு ஆதாரம் உண்டா. 5,000 டாலருக்குக் கவர் வாங்கினால் 5,000 டாலர் வந்துவிடும் என்று அர்த்தம் இல்லை. 5,000 வரை நிரூபித்தால் நிரூபித்த அளவுக்கு வரும். அவ்ளோதான்.

இசைத்தட்டு வாங்கி விற்கும் நண்பர் ஒருவர் இதை ஒரு தனியார் கூரியரிடம் கற்றுக்கொண்டார். நான்கு தட்டுகள் உடைந்து வந்தன. காப்பீடு இருந்தது. ஆனால் "உள்பேக்கிங் போதாது" என்று ஒரே வரியில் மின்னஞ்சல் வந்தது. பேக் பண்ணும்போது எடுத்த போட்டோ அவரிடம் இருந்ததால் மட்டும் வாதாட முடிந்தது, மூன்று மாதம் கழித்துப் பாதிப் பணம் வந்தது. எங்கள் ஐ.டி. வேலையில் ஒரு பேச்சு உண்டு: 'லாக்'ல இல்லன்னா அது நடக்கவே இல்ல. காப்பீட்டுக் கோரிக்கைக்கும் அதே விதிதான்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

ஊரிலிருந்து நமக்கு அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் அப்பா, அம்மா, சித்தப்பா. "ரிஜிஸ்டர் பண்ணிட்டேன்டா, கவலைப்படாதே" என்பார்கள். அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது?

1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் அலுவலகச் சட்டம், பிரிவு 6. தபால் தொலைந்தாலோ, தவறான இடத்தில் கொடுக்கப்பட்டாலோ, தாமதமானாலோ, சேதமானாலோ அரசுக்குப் பொறுப்பு இல்லை. அரசே வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட அளவுக்கு மட்டுமே பொறுப்பு. ஊழியர் மோசடி செய்தாலோ வேண்டுமென்றே தவறு செய்தாலோ ஒழிய அவர்மீதும் வழக்கு நிற்காது. முகமது நாஜிம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாகச் சொன்னது: தபால் துறை சரக்கு ஏற்றும் வணிக நிறுவனமும் இல்லை, அனுப்புகிறவரின் ஏஜென்ட்டும் இல்லை, சட்டத்துக்கு உட்பட்டு இயங்கும் ஓர் அரசுச் சேவை. அதற்குப் பிறகு நுகர்வோர் மன்றங்களுக்குப் போன எத்தனையோ பேருக்கு இந்தப் பிரிவு 6தான் சுவராக நின்றது.

ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் அந்தப் பழைய சட்டத்தின் விதிகளில் இருந்த இழப்பீடு, கட்டிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. உள்ளே இருந்தது லட்ச ரூபாய் ஆல்பமாக இருந்தாலும் சரி, கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் சரி. இதைத் தாண்டிப் பாதுகாப்பு வேண்டுமானால் இருந்த வழி, மதிப்பை அறிவித்து இன்ஷூர் செய்து அனுப்புவது. துணியில் தைத்து அரக்கு முத்திரை வைத்த அந்தக் காலத்துப் பார்சல்கள் பலருக்கு ஞாபகம் இருக்கும். அரக்கு முத்திரை அழகுக்காக வைத்தது அல்ல. வழியில் யாராவது பிரித்தார்களா என்பதற்கான சாட்சி அது.

125 வருஷச் சட்டம் போய், அஞ்சல் அலுவலகச் சட்டம் 2023 வந்தது. 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் புதிது, தத்துவம் பழையது. விதிகளில் குறிப்பிடப்படும் அளவைத் தவிர வேறு பொறுப்பு தபால் துறைக்கு இல்லை என்று புதிய சட்டமும் சொல்கிறது. பழைய சட்டத்தில் தபாலைத் திருடும் ஊழியருக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்று தனிப் பிரிவு இருந்தது. புதிய சட்டத்தில் அந்தக் குற்றப் பட்டியலே இல்லை, பொதுவான குற்றவியல் சட்டத்தைத்தான் நாட வேண்டும்.

அடுத்த மாற்றம் 2025ல் வந்தது. பதிவுத் தபால் என்ற தனிச் சேவை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டது. நிர்வாகத்துக்கு இது நியாயமான முடிவாக இருக்கலாம், இரண்டு வரிசைகளை ஒன்றாக்குவது சிக்கனம்தான். ஆனால் நம் பெற்றோர் தலைமுறைக்கு 'ரிஜிஸ்டர்' என்ற சொல்லே பாதுகாப்பின் இன்னொரு பெயர். அந்தப் பெயர் போன பிறகு, கவுன்டரில் எதைக் கேட்க வேண்டும் என்பதை அவர்களுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். "வேகமா போகுமா?" என்று கேட்பதற்கு முன்னால், "தொலஞ்சா எவ்ளோ தருவீங்க? ஆஸ்திரேலியாவுக்கும் அது செல்லுமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். பதிலை ரசீதில் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லை தாண்டினால்

இரண்டு நாடுகளுக்கு நடுவே போகும் தபாலுக்கு, 1874ல் தொடங்கிய உலக அஞ்சல் ஒன்றியத்தின் உடன்படிக்கை பொருந்தும். அதிலிருந்து நான்கு விஷயங்கள் நம் வீட்டுக் காலண்டரில் எழுதி ஒட்டத் தக்கவை.

ஒன்று, நாணயம், கரன்சி நோட்டு, தங்கம், வெள்ளி, நகை, விலையுயர்ந்த கல் போன்றவற்றை இன்ஷூர் செய்யாத தபாலில் வைப்பதற்குப் பொதுவான தடை இருக்கிறது. சில நாடுகளுக்கு இடையில் பதிவுத் தபாலில் விதிவிலக்கு உண்டு. பாட்டியின் வெள்ளி ரூபாயைச் சேலைக்குள் சுருட்டிச் சாதாரணப் பார்சலில் அனுப்பினால், தொலைந்த பிறகு புகார் கொடுப்பதே நமக்கு எதிரான வாக்குமூலம் ஆகிவிடும்.

இரண்டு, இன்ஷூர் செய்யாத பதிவுத் தபாலுக்கு இந்த உடன்படிக்கையின் கீழ் நெடுங்காலமாக இருந்துவரும் இழப்பீட்டு அளவு 30 எஸ்.டி.ஆர். அதாவது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகில் 30. நம் காசில் சுமார் அறுபது டாலர்.

மூன்று, தேடச் சொல்லி மனுக் கொடுக்க ஆறு மாதம்தான் அவகாசம். தொலைந்த பொருளுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை முதலில் அனுப்பியவருக்கே. ஸ்பிரிங்வேலில் இருந்துகொண்டு நாம் எத்தனை போன் போட்டாலும், மனு கொடுக்க வேண்டியது மயிலாடுதுறையில் இருக்கும் அம்மா. அவர் எழுதிக் கொடுத்தால் அந்த உரிமையைப் பெறுபவருக்கு மாற்றலாம். இது தெரியாமல் ஆறு மாதத்தையும் தவறான கவுன்டரில் கழித்தவர்கள் நம்மில் உண்டு.

நான்கு, மறைமுக நஷ்டமும் கைவிட்டுப் போன லாபமும் கணக்கில் வராது. "அது எங்க அப்பாவோட கடைசி ஞாபகம்" என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

'கிஃப்ட், இருபது டாலர்'

இனி நம் பக்கம். சுங்கப் படிவத்தில் என்ன எழுதுகிறோம்? பெரும்பாலான வீடுகளில் பதில் ஒன்றுதான்: "கிஃப்ட்னு போட்டு இருபது டாலர்னு எழுது, இல்லன்னா டியூட்டி போட்ருவான்."

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவுக்கு வரும் பார்சலின் மதிப்பு 1,000 டாலர் வரை என்றால், மதுவும் புகையிலையும் தவிர்த்த பொருள்களுக்கு எல்லையில் சுங்க வரியோ ஜி.எஸ்.டி.யோ வசூலிப்பதில்லை. 2018 ஜூலை முதல் வந்த ஜி.எஸ்.டி. மாற்றம், இங்கே நிறைய விற்கும் வெளிநாட்டுக் கடைகளும் இணையச் சந்தைகளும் விற்கும்போதே வசூலிக்க வேண்டிய ஒன்று. ஊரில் இருக்கும் அம்மா மகளுக்கு அனுப்பும் 800 டாலர் மதிப்புள்ள பரிசுக்கு அது பொருந்தாது. அதாவது, 800ஐ 20 என்று எழுதுவதால் மிச்சமாவது பூஜ்ஜியம். இழப்பதோ 780 டாலருக்கான உரிமை. நாமே கையெழுத்துப் போட்டு இருபது டாலர் என்று சொன்ன பொருளுக்கு எண்ணூறு டாலர் கேட்டால் யார் கொடுப்பார்கள்?

1,000 டாலரைத் தாண்டினால் இறக்குமதி அறிவிப்பும் வரியும் உண்டு, உண்மைதான். அந்தச் செலவையும் பொருளின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுவதே நேர்மையும் சிக்கனமும். அதே மாதிரி கூட்டி எழுதுவதும் உதவாது. உண்மை மதிப்புக்கு மேல் இன்ஷூர் செய்யக் கூடாது என்பது உலக அஞ்சல் விதி, தெரிந்தே செய்தால் மோசடி.

நூறு வயதைத் தாண்டிய பொருள்

அடுத்த பள்ளம் இதைவிட ஆழம். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத நாணயம், சிற்பம், ஓவியம் போன்றவை தொல்பொருள். முக்கியத்துவம் உள்ள கையெழுத்துப் பிரதி என்றால் 75 வருஷமே போதும். இவற்றைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை. காலம் ஓடுவதால் இந்தக் கோடும் வருஷா வருஷம் நகர்கிறது. இன்றைய தேதிக்கு ஐந்தாம் ஜார்ஜ் காலத்து நாணயங்களில் பெரும்பகுதி அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. இலங்கையில் எல்லைக்கோடு வேறு: 1815 மார்ச் 2க்கு முந்தையவை என்றால் தொல்பொருள்.

"சிலை கடத்துறவனுக்குப் போட்ட சட்டம், நமக்கு எதுக்கு?" என்று தோன்றலாம். ஸ்ரீபுரந்தான் நடராஜர் கான்பெராவின் தேசியக் கலைக்கூடத்தில் இருந்து 2014ல் திரும்பிப் போனது இந்த வகைச் சட்டங்களின் பலத்தால்தான். அதில் நாம் பெருமைப்பட்டோம். அதே சட்டம் தாத்தாவின் நாணயப் பெட்டிக்கும் பொருந்தும். அனுப்பக் கூடாத பொருளை அனுப்பினால் காப்பீடும் நிற்காது. கோரிக்கை வைப்பதே குற்றத்தை ஒப்புக்கொள்வதாக முடியலாம். அப்படிப்பட்ட பொருள் ஊரிலேயே, அண்ணன் வீட்டிலேயே இருக்கட்டும். இங்கே வளரும் பிள்ளை அதைப் பார்க்க ஒரு முறை ஊருக்குப் போகட்டும்.

மதிப்பு என்பது யார் சொல்வது?

1948ல் இந்தியா வெளியிட்ட காந்தி தபால்தலைத் தொடரில் பத்து ரூபாய்த் தலை ஒன்று உண்டு. அரசு உபயோகத்துக்காக 'சர்வீஸ்' என்று மேலச்சிட்ட மிகச் சில பிரதிகளில் நான்கை, 2017ல் லண்டன் ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனம் ஐந்து லட்சம் பவுண்டுக்கு விற்றது. வாங்கியவர் ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு தனியார் சேகரிப்பாளர். தலையில் அச்சிட்டிருப்பது பத்து ரூபாய். மீதி விலையைச் சொல்வது சந்தையும், நிபுணர் சான்றிதழும், விற்பனை ரசீதும்.

நம் ஆல்பத்தில் ஐந்து லட்சம் இல்லை. ஆனாலும் கேள்வி அதேதான்: உன் பொருளுக்கு இந்த விலை என்று யார் சொன்னது? இணையத்தில் யாரோ கேட்கும் விலை ஆதாரம் ஆகாது, விற்று முடிந்த விலைதான் பேசும். வாங்கிய ரசீது, தரச் சான்றிதழின் எண், மதிப்பீட்டாளர் கடிதம், இரண்டு பக்கமும் எடுத்த போட்டோ. இவை பார்சல் கிளம்புவதற்கு முன்னால் நம் கையில் இருக்க வேண்டும். தொலைந்த பிறகு தேடிப் பிடிக்கும் ஆதாரத்துக்கு எந்த அதிகாரியும் பாதி மதிப்புதான் கொடுப்பார்.

நடைமுறையில் சொல்வதானால்: பேக் செய்வதை வீடியோ எடுங்கள், எடை காட்டும் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் வைத்துக் கட்டச் சொல்லாதீர்கள், ஆஸ்திரேலிய உயிர்ப் பாதுகாப்புத் துறை விடாது. கையெழுத்து இல்லாமல் வாசலில் வைத்துவிட்டுப் போக அனுமதி தராதீர்கள். தபால் நிலையத்தில் போய் வாங்கிக்கொள்வது மேல். மொத்த ஆல்பத்தையும் ஒரே பெட்டியில் அனுப்பாமல் பிரித்து, வேறு வேறு நாளில் அனுப்புங்கள். 5,000 டாலரைத் தாண்டும் பொருளுக்குத் தனிப் போக்குவரத்துக் காப்பீடு கேளுங்கள், அல்லது சட்டம் அனுமதித்தால் கைப்பையில் நீங்களே கொண்டுவந்து சுங்கத்தில் சொல்லுங்கள். உடைந்து வந்தால் பெட்டியைக் குப்பையில் போடாதீர்கள். ஆஸ்திரேலியா போஸ்ட்டின் பதில் திருப்தி இல்லை என்றால், காமன்வெல்த் ஆம்புட்ஸ்மேனே அஞ்சல் துறைக்கான ஆம்புட்ஸ்மேனும்கூட. அங்கே புகார் கொடுக்கக் காசு கிடையாது.

கேட்க வேண்டியது

எல்லாவற்றையும் அனுப்புகிறவர் தலையில் கட்டிவிட்டுப் போவதும் நியாயம் இல்லை. தபால் நிறுவனம் பொறுப்புக்கு வரம்பு வைப்பதைப் புரிந்துகொள்ளலாம். இருபது டாலர் கட்டணத்துக்கு லட்ச ரூபாய்ப் பொறுப்பை யாராலும் சுமக்க முடியாது. ஆனால் அந்த வரம்பை, காசு வாங்குவதற்கு முன்னால், வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள் வாழும் கிரேட்டர் டான்டினாங் நகராட்சிக்குள் இருக்கும் ஸ்பிரிங்வேலில், நீண்ட ஆங்கில நிபந்தனைகள் இணையத்தில் எங்கோ இருக்கின்றன என்பது சொன்னதாக ஆகாது. வியட்நாமியிலும் கெமரிலும் தமிழிலும் ஒரு பக்கத் தாள் போதும்: எது அனுப்பக் கூடாது, எவ்வளவு வரை கிடைக்கும், யார் எப்போது கேட்க வேண்டும்.

இந்தியாவிடம் கேட்க வேண்டியது இன்னும் பெரியது. 1898ல் பிரிட்டிஷ் அரசு தன் குடிமக்களைப் பார்த்து "எனக்குப் பொறுப்பில்லை" என்றது. 2023ல் ஒரு சுதந்திர நாடு தன் குடிமக்களைப் பார்த்து அதையே சொல்ல வேண்டுமா? 'விதிகளில் குறிப்பிடப்படும் அளவு' என்ற ஒரு சொற்றொடரில்தான் இப்போது எல்லாம் தொங்குகிறது. அந்த அளவு இன்றைய விலைவாசிக்கு ஏற்றதாக, அறிவித்த மதிப்போடு சேர்ந்து உயர்வதாக இருந்தால், அதற்கு உரிய கட்டணத்தைக் கட்ட நம் ஊர்க்காரர்கள் தயங்க மாட்டார்கள். ஹாரி வின்ஸ்டனும் கட்டத்தானே செய்தார். அவருக்குக் கவுன்டரில் விலை சொன்னார்கள், நமக்கும் சொல்லட்டும்.